புரையேறுதல் முதல் நிப்பிள் கடித்தல் வரை: பச்சிளங்குழந்தையின் போத்தல் நிப்பிளைச் சரிபார்க்கும் வழி

நிப்பிள் வேகம், அதாவது நிப்பிள் வழியே பால் வரும் வேகம், சரியா, தவறா என்பதை அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் மாதக்கணக்கு சொல்லாது. குடிக்கத் தொடங்கிய முதல் இரண்டு நிமிடத்தில் குழந்தையின் முகம், விரல், மூச்சு மூன்றும் சொல்லிவிடும். அந்த இரண்டு நிமிடமும் போத்தலில் எத்தனை மி.லி. குறைந்தது என்று பார்க்காமல் குழந்தையையே பாருங்கள்.

நன்றாகக் குடிக்கும் குழந்தை எப்படி இருக்கும் என்பது முதலில் கண்ணுக்குப் பழக வேண்டும். உறிஞ்சும், விழுங்கும், மூச்சு விடும், மறுபடி உறிஞ்சும். ஓர் உறிஞ்சலுக்கு ஒரு மிடறு, சில நேரம் இரண்டு உறிஞ்சலுக்கு ஒரு மிடறு. கொஞ்ச நேரம் இப்படி ஓடியபின் தானாகவே நிறுத்தி, மூச்சு வாங்கிவிட்டு, மீண்டும் தொடங்கும். புருவம் தளர்ந்திருக்கும். பசியில் நெஞ்சருகே இறுகிக் கிடந்த கை, பாதிப் பாலில் மெல்ல அவிழ்ந்து, முடிவில் விரித்த உள்ளங்கையாகக் கிடக்கும். ஒரு வேளைப் பால் 15 முதல் 30 நிமிடத்துக்குள் முடியும். இதிலிருந்து எந்தப் பக்கம் விலகுகிறது என்று பார்ப்பதுதான் மொத்த வேலையும்.

உடனே நிறுத்த வேண்டியவை

மற்ற எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம், இவற்றை அல்ல. குடிக்கும்போது உதடோ நாக்கோ நீலமானால், மூச்சு நின்று நின்று வந்தால், உடம்பு துவண்டுபோனால் போத்தலை எடுத்துவிட்டு, சிங்கப்பூரின் அவசர மருத்துவ வாகன எண்ணான 995-ஐ அழையுங்கள். மாநிறக் குழந்தைகளுக்குத் தோலில் நீலம் சட்டென்று தெரியாது. நாக்கையும் ஈறையும் பாருங்கள். பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அதற்கும் நிப்பிளுக்கும் சம்பந்தமில்லை. 37 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தை, இதயக் கோளாறோ அண்ணப்பிளவோ உள்ள குழந்தை என்றால் நிப்பிள் மாற்றும் முடிவை வீட்டில் எடுக்காதீர்கள். 35, 36 வாரத்தில் பிறந்த பிள்ளைகள் பார்வைக்கு முழு மாதக் குழந்தைபோலவே இருப்பார்கள், ஆனால் குடிக்கும்போது சீக்கிரம் களைத்துவிடுவார்கள். அவர்களைப் பார்க்கும் மருத்துவமனைக் குழுவிடம் கேட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும்.

அட்டையில் இருக்கும் எண்

நிறுவனங்களுக்குள் பொது அளவுகோல் கிடையாது. ஒருவருடைய 'ஸ்லோ' இன்னொருவருடைய 'ஸ்லோ'வைவிடப் பல மடங்கு வேகமாக இருக்கலாம். பீஜனில் எஸ்எஸ் பிறந்தது முதல், எஸ் 1 மாதம் முதல், எம் 3 மாதம் முதல், எல் 6 மாதம் முதல் என்று போகும். டாக்டர் பிரவுன்ஸில் 'லெவல் 1' பிறந்தது முதல் என்று எழுதியிருக்கும். ஆனால் அதற்குக் கீழே டிரான்சிஷன், பிரீமி, அல்ட்ரா பிரீமி என்று இன்னும் மெதுவான மூன்று வகை உண்டு. முதல் நிலை என்று போட்டிருப்பதாலேயே அதுதான் ஆக மெதுவானது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நிறுவனத்தின் போத்தலிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், எண் ஒன்றாக இருந்தாலும் புதிதாகத் தொடங்குவதாகவே எண்ணி முதல் இரண்டு நிமிடத்தைக் கவனியுங்கள்.

மருத்துவமனையில் கொடுக்கும் ஒருமுறைப் பயன்பாட்டு நிப்பிள் பல வீடுகளில் குழப்பத்துக்குத் தொடக்கமாகிறது. அவற்றில் சில வேகமாக விடும். அங்கே ஐந்து நிமிடத்தில் குடித்த பிள்ளை வீட்டில் இருபது நிமிடம் எடுத்தால், வீட்டு நிப்பிள் 'அடைப்பு' என்று நினைத்து அடுத்த அளவு வாங்கிவிடுகிறார்கள். இருபது நிமிடம்தான் சரியான கணக்கு. அந்த மருத்துவமனை நிப்பிளை வீட்டுக்கு எடுத்துவந்து கொதிக்க வைத்துத் திரும்பப் பயன்படுத்தவும் கூடாது. அது அதற்காகச் செய்ததல்ல.

இன்னொன்று: இந்தியாவிலிருந்து பாட்டி வாங்கிவந்த போத்தலும், இங்கே முஸ்தபா கடையிலோ கார்டியன் மருந்துக்கடையிலோ நீங்கள் வாங்கிய நிப்பிளும் ஒரே நிறுவனப் பெயர் போட்டிருக்கலாம். அகன்ற கழுத்தா, ஒடுங்கிய கழுத்தா என்று பார்த்து வாங்குங்கள். வளையத்துக்குள் எப்படியோ திணித்து மாட்டிய நிப்பிள் ஒழுகும், அல்லது காற்றுத் துளை நசுங்கிப் பால் வராது. இரண்டுக்கும் குற்றம் நிப்பிள் வேகத்தின் மேல்தான் விழும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் அந்த நிறுவனத்தில் கிடைப்பதிலேயே மெதுவானதை இரண்டு மட்டும் வாங்குங்கள். ஆறு போத்தல் செட்டாக வாங்குவது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நிப்பிளை மாற்றும் முன் பார்க்க வேண்டியது

வேகம் தவறு என்று தோன்றும் வீடுகளில், நிப்பிள் சரியாகவே இருந்து பிடிக்கும் விதமோ மாட்டிய விதமோ தவறாக இருப்பது மிகச் சாதாரணம். மூன்றைச் சரிபாருங்கள்.

பிடிக்கும் விதம். குளிப்பாட்டும்போது காலை நீட்டி அதில் குழந்தையைப் போட்டுக்கொள்வது நம் வழக்கம். சங்கில் பால் ஊட்டவும் அப்படியே செய்வார்கள். போத்தலுக்கு அது ஆகாது. தலை தாழ்ந்து, போத்தல் செங்குத்தாக நின்றால், எஸ்எஸ் நிப்பிள்கூட வேகமாக ஊற்றும். குழந்தையின் தலை உங்கள் முழங்கை மடிப்பில், உடம்பு பாதி உட்கார்ந்த நிலையில், போத்தல் ஏறக்குறையத் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். நிப்பிளின் நுனியில் பால் நின்றால் போதும். தூளியில் போட்டபடி போத்தலை முட்டுக்கொடுத்து வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்: முகவாய் நெஞ்சில் இடித்து மூச்சுப்பாதை மடங்கும், புரையேறினால் எடுத்துவிட ஆளும் இருக்காது.

மாட்டிய விதம். வளையத்தை முழு பலத்தோடு இறுக்கினால் காற்றுத் துளை அடைபடும். காற்று உள்ளே போகாவிட்டால் பால் வெளியே வராது. விரல் நுனியால் திருகி, நின்ற இடத்தோடு விட்டுவிடுங்கள். நிப்பிளின் அடித்தட்டில் சின்னப் பிளவு அல்லது வால்வு இருந்தால் விரலால் பிசைந்து அது திறக்கிறதா என்று பார்த்து, ஊட்டும்போது அந்தப் பக்கம் மேலே, குழந்தையின் மூக்குப் பக்கம் வருமாறு பிடியுங்கள்.

துளை. இதற்குச் சொட்டுச் சோதனை:

1. போத்தலில் 60 மி.லி. ஆறிய தண்ணீர் ஊற்றி நிப்பிளை மாட்டுங்கள்.
2. சிங்க்குக்கு மேல் நேராகக் கவிழ்த்து, அழுத்தாமல் பிடியுங்கள். முதலில் கொஞ்சம் பீய்ச்சும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.
3. அடுத்த 10 விநாடியில் விழும் சொட்டுகளை எண்ணுங்கள்.
4. அதே நிறுவனத்தின் அதே எண் போட்ட புது நிப்பிளை அதே போத்தலில் மாட்டி மறுபடி எண்ணுங்கள்.

புதியது சொட்டிக்கொண்டிருக்க, பழையது நூல்போல் ஒழுகினால் பழையதன் துளை விரிந்துவிட்டது, எறிந்துவிடுங்கள். புதியதைவிடப் பழையது மிகக் குறைவாகச் சொட்டினால் அடைப்பு. இந்தச் சோதனை ஒரே வகை நிப்பிளில் பழையதையும் புதியதையும் ஒப்பிட மட்டுமே உதவும்; இரண்டு நிறுவனங்களை ஒப்பிட உதவாது. ஃபிலிப்ஸ் அவென்டின் நேச்சுரல் ரெஸ்பான்ஸ் போன்றவை குழந்தை உறிஞ்சினால்தான் பால் விடும், கவிழ்த்தாலும் சொட்டாது. அவற்றுக்கு இது பயன்படாது.

வாயோரம் பால் வழிகிறது

கழுத்து மடிப்பு நனையும் அளவுக்கு ஒவ்வொரு வேளையும் வழிந்தால் பெரும்பாலும் வேகம் கூடுதல். விழுங்கும் வேகத்தைவிட வரும் வேகம் அதிகம். மிச்சத்தைக் குழந்தை வாயோரமாக விட்டுவிடுகிறது. அது தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. போத்தலைப் படுக்கைவாட்டில் பிடித்துப் பாருங்கள். அப்போதும் வழிந்தால் ஒரு நிலை குறையுங்கள்.

ஆனால் எங்கிருந்து வழிகிறது என்று முதலில் பாருங்கள். வளையத்தின் அடியிலிருந்து போத்தலின் பக்கவாட்டில் இறங்கினால் அது மாட்டிய கோளாறு. நிப்பிளின் விளிம்பு வளையத்துக்குள் முழுக்க இழுக்கப்படாமல் ஒரு பக்கம் மடிந்திருக்கும்.

முதல் ஐந்தாறு விநாடி மட்டும் வழிந்து பிறகு சரியானால், காரணம் போத்தலுக்குள் சேர்ந்த அழுத்தம். வெந்நீரில் பால் கலந்து, மூடி குலுக்கினால் உள்ளே காற்று விரிந்து, பால் நிப்பிள் வழியே தள்ளப்படும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த போத்தலை மூடியபடியே சூடுபடுத்தினாலும் இதே கதை. ஊட்டும் முன் வளையத்தைக் கால் சுற்றுத் தளர்த்தி, மறுபடி திருகுங்கள். 'உஸ்' என்ற சின்னச் சத்தத்தோடு அழுத்தம் போய்விடும். இதற்காக நிப்பிள் மாற்றத் தேவையில்லை.

ஒரே ஒரு பக்கம் மட்டும் வழிந்தால் வாய் சரியாகப் பற்றவில்லை. மேலுதட்டை நிப்பிளால் தொட்டு, வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்து, நிப்பிளின் கழுத்துவரை உள்ளே போகும்படி கொடுங்கள். நுனியை மட்டும் சப்பும் குழந்தைக்கு எந்த நிப்பிளும் ஒழுகத்தான் செய்யும்.

புரையேறுகிறது, முக்கி முக்கி விழுங்குகிறது

இதுதான் இந்தக் கட்டுரை எழுதப்பட்டதற்கே காரணம். இருமலும் புரையும் வருவதற்கு முன்பே குழந்தை பல முறை சொல்லிவிடுகிறது, நாம் கவனிப்பதில்லை. கிட்டே பாருங்கள். முதலில் கண் அகல விரியும். புருவம் மேலே ஏறும், அல்லது நடு நெற்றியில் சுருங்கும். கைவிரல்கள் விசிறிபோல் விரிந்து விறைத்து நிற்கும். வயிறு நிறைந்து தளர்ந்த உள்ளங்கையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிறகு 'கடக் கடக்' என்று இடைவெளியில்லாத விழுங்கல். நிறுத்தியதும் ஓடி வந்தவர்போல் வேகவேகமாக மூச்சு வாங்கும். நாக்கால் நிப்பிளை வெளியே தள்ளும், தலையைத் திருப்பும், முதுகை வில்லாக வளைக்கும். இவ்வளவுக்கும் பிறகுதான் புரையேறும்.

தலையைத் திருப்புவதைப் 'பால் வேண்டாம் என்கிறது' என்றும், முதுகை வளைப்பதைப் 'பிடிவாதம்' என்றும் எடுத்துக்கொண்டு மீண்டும் வாயில் வைத்தால் குழந்தைக்கு வேறு வழியே இல்லாமல் போகிறது. பச்சிளங்குழந்தையால் பால் வரும் வேகத்தைத் தானாக நிறுத்த முடியாது. நிறுத்தக்கூடியவர் நீங்கள் மட்டுமே.

புரையேறியவுடன் உச்சியில் தட்டுவதும் ஊதுவதும் நம் பழக்கம். அதனால் பால் மூச்சுப்பாதையிலிருந்து விலகாது. நிப்பிளை எடுத்து, குழந்தையை நிமிர்த்தி, முகவாயைக் கையால் தாங்கி, சற்று முன்பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். இருமட்டும். இருமல் தானே பாலை வெளியே தள்ளும். தலைகீழாகப் பிடிக்க வேண்டாம். இருமவும் முடியாமல், சத்தமும் வராமல் திணறினால் அது மூச்சுப்பாதை அடைப்பு. 995-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. பிறகு மல்லாக்கப் போட்டு நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. மாறி மாறிச் செய்ய வேண்டும். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவரும் இதைப் பயிற்சியாகக் கற்றிருக்க வேண்டும், பணிப்பெண் உட்பட.

சரிசெய்யும் வரிசை இப்படி. அடுத்த வேளையே இடைவெளி விட்டு ஊட்டத் தொடங்குங்கள்: நான்கைந்து மிடறு விழுங்கியதும் நிப்பிளை வாயிலிருந்து எடுக்காமலே போத்தலின் அடியைத் தாழ்த்துங்கள், நுனியில் பால் இல்லாமல் போகும். குழந்தை இரண்டு மூன்று மூச்சு விட்டபின் மறுபடி உயர்த்துங்கள். பக்கவாட்டில், தலை சற்று உயரமாகப் படுக்கவைத்து ஊட்டினாலும் பல குழந்தைகளுக்கு நிம்மதி. இரண்டு மூன்று வேளை இப்படிச் செய்தும் விரல் விரிவதும் புரையேறுவதும் தொடர்ந்தால் நிப்பிளை ஒரு நிலை குறையுங்கள். ஏற்கெனவே ஆக மெதுவானதில் இருந்தும், சரியாகப் பிடித்தும், ஒவ்வொரு வேளையும் புரையேறினால் அது நிப்பிள் பிரச்சினை அல்ல. விழுங்குதலைப் பரிசோதிக்க வேண்டும்.

ஐந்தே நிமிடத்தில் காலி, பிறகு கக்கலும் அழுகையும்

'நல்லா குடிக்குது' என்று வீடே மகிழும். ஆனால் 60 மி.லி. பாலை ஐந்து நிமிடத்தில் இறக்கிய குழந்தைக்கு வயிறு நிறைந்தது மூளைக்குத் தெரியவே நேரமிருக்காது. சப்பும் ஆசையும் தீர்ந்திருக்காது. அழும். இன்னும் பசி என்று மேலும் 30 மி.லி. கலப்பார்கள். வயிறு உப்பி, பாதியைக் கக்கும். பிறகு ஓம வாட்டர், கிரைப் வாட்டர், வசம்பு என்று பேச்சு போகும். வசம்பு பச்சிளங்குழந்தைக்கு ஆபத்து, மற்றவையும் தேவையில்லை. வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

அளவையும் ஒருமுறை கணக்குப் பார்க்கலாம். முதல் வாரம் தாண்டிய, பால் மாவு மட்டும் குடிக்கும் குழந்தைக்கு எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு சுமார் 150 மி.லி. போதும். 3.5 கிலோ என்றால் 525 மி.லி.; எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 65 மி.லி. இது சராசரிதான், ஒரு வேளை கூடும், ஒரு வேளை குறையும். முதல் நாளில் வயிறு கொள்வதே ஒரு தேக்கரண்டி, ஒன்றரைத் தேக்கரண்டிதான்.

குடித்தபின் ஒரு வாய் பால், தயிர்போலத் திரிந்து கக்குவது இயல்பு. மூன்றிலிருந்து ஆறு வாரக் குழந்தை ஒவ்வொரு வேளைக்கும் பிறகு பீய்ச்சியடித்து வாந்தி எடுத்து, உடனே பசித்து அழுதால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாய் தடித்திருக்கலாம்.

நாற்பது நிமிடமாகியும் முடியவில்லை

இங்கே அவசரப்பட்டு நிப்பிளை உயர்த்தாதீர்கள். மெதுவாகக் குடிப்பதற்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் உண்டு, மூன்றும் வெளியிலிருந்து ஒரேமாதிரி தெரியும்.

உண்மையிலேயே நிப்பிள் மெதுவாக இருந்தால் குழந்தை விழித்திருக்கும், உழைக்கும், கோபப்படும். ஒரு மிடறுக்கு நான்கைந்து முறை உறிஞ்சும். கன்னம் உள்ளே குழியும். நிப்பிளைக் கடிக்கும், இழுக்கும், விட்டுவிட்டு அழும், மறுபடி வாயைத் திறக்கும். அரை மணிக்குப் பிறகும் கை முஷ்டியாகவே இருக்கும். சொட்டுச் சோதனையில் அடைப்பு இல்லை என்று தெரிந்தால், இந்தக் குழந்தைக்கு ஒரு நிலை உயர்த்திப் பார்க்கலாம்.

இரண்டாவது, தூங்கிவிடும் குழந்தை. பத்து மி.லி. குடித்ததும் கண் சொக்கும். முதல் வாரத்தில் இதற்கு மஞ்சள்காமாலை முக்கியமான காரணம். குழந்தையை எழுப்புவதே கடினமாக இருந்தால், கண்வெள்ளையும் வயிறும் மஞ்சளாகத் தெரிந்தால், பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) அடுத்த சோதனைத் தேதிவரை காத்திருக்காமல் போங்கள். வேகமான நிப்பிளால் தூங்கும் குழந்தையின் வாயில் பால் ஊற்றிக் கணக்கை முடிப்பது ஆபத்தானது. தூக்கக் கலக்கத்துக்குப் போர்வையை விலக்குங்கள், டயப்பர் மாற்றுங்கள், உள்ளங்காலைத் தேய்த்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் பலரை ஏமாற்றும்: வேகம் கூடுதலாக இருப்பதாலேயே மெதுவாகக் குடிக்கும் குழந்தை. பால் வேகமாக வருவதால் பயந்து, நாக்கால் நிப்பிளை அடைத்துக்கொண்டு, அவ்வப்போது மட்டும் ஒரு மிடறு விழுங்கும். நாற்பது நிமிடம் ஆகும். வீட்டார் மெதுவான நிப்பிள் என்று நினைத்து உயர்த்துவார்கள், நிலைமை இன்னும் மோசமாகும். அடையாளம், புருவமும் விரலும். புருவம் ஏறி, விரல் விறைத்து, வாயோரம் வழிந்துகொண்டே நேரமும் இழுத்தால் குறைக்க வேண்டும்.

எந்தக் காரணமானாலும் போத்தலை மணிக்கணக்கில் வைத்து ஊட்ட வேண்டாம். குழந்தை வாய் வைத்த பால் மாவை ஒரு மணி நேரத்திலும், தாய்ப்பாலை இரண்டு மணி நேரத்திலும் கொட்டிவிடுங்கள். எடுத்துவைத்த தாய்ப்பால் வெளியே நான்கு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரி அறைக்குச் சொன்ன கணக்கு. ஏர்கான் போடாத வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மதியம் அது பொருந்தாது.

துளை மெதுவாக இருக்கிறதென்று ஊசியைச் சுட்டுப் பெரிதாக்குவதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம், செய்யாதீர்கள். அந்தத் துளை எந்த அளவுக்குப் போகும் என்பது உங்கள் கையில் இல்லை. ஓரம் கிழிந்து, சிலிக்கோன் துணுக்கு வாய்க்குள் போகும்.

நிப்பிள் உள்ளே சப்பிப் போகிறது

தட்டையாக ஒட்டிக்கொண்டு பால் நின்றுவிடும். காற்று உள்ளே போகவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். வளையத்தைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். உள்ளே சிறு குமிழிகள் ஏறத் தொடங்கினால் அதுதான். குமிழி வராவிட்டால் காற்றுத் துளையில் காய்ந்த பால் இருக்கும்; சோப்பு நீரில் ஊறவைத்து விரலால் பிசைந்து கழுவுங்கள். உள்குழாய் கொண்ட போத்தல்களில் ஒரு பாகத்தை மாட்ட மறந்தாலும் இதேதான் நடக்கும். இவ்வளவும் சரியாக இருந்து, வலுவாக உறிஞ்சும் குழந்தைக்குத் தொடர்ந்து சப்பிப் போனால்தான் வேகம் குறைவு என்று கொள்ளலாம்.

'டக் டக்' என்று நாக்கு சொடுக்கும் சத்தம் வேறு விஷயம். நாக்குக்கும் நிப்பிளுக்கும் இடையே பிடி விட்டுப் போகிறது. கூடவே காற்றும் போகிறது. ஆழமாகப் பற்ற வைத்துப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால், அழும்போது நாக்கு நுனி மேலே எழாமல் நடுவில் பள்ளம் விழுகிறதா என்று பார்த்து, நாக்கின் அடிச்சவ்வு பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று சரியில்லை

திடீரென மெதுவானால் பாலைப் பாருங்கள். குளிர்பெட்டியில் வைத்த தாய்ப்பாலில் கொழுப்பு மேலே திரண்டு, சரியாகச் சூடாகாமல் நிப்பிள் துளையில் ஒட்டும். மிதமாகச் சூடாக்கி, சுழற்றிக் கலக்குங்கள். பால் மாவில் கட்டி விழுந்திருக்கலாம். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, பிறகு கத்தியால் வழித்துச் சமமாக்கிய கரண்டி மாவைப் போட வேண்டும். டின்னுக்கு டின் கரண்டி அளவு மாறும், பழைய கரண்டியைப் புது டின்னில் போடாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதுபோல் 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கலந்து பிறகு ஆறவைத்தால் கிருமியும் சாகும், மாவும் கரையும். 'கெட்டியாக இருக்கட்டும்' என்று கூடுதல் கரண்டி போட்டால் நிப்பிள் மெதுவாவது சின்ன விஷயம், குழந்தையின் சிறுநீரகம்தான் சுமக்க வேண்டியிருக்கும்.

திடீரென வேகமானால் துளை விரிந்திருக்கிறது. தினமும் கொதிநீரிலும் நீராவியிலும் போகும் சிலிக்கோன் தளரும். பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. நிறம் மங்கி, தொட்டால் பிசுபிசுத்து, இழுத்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பாவிட்டால் அன்றே மாற்றுங்கள்.

நிப்பிளும் பாலும் மாறாமல் குழந்தை மட்டும் மறுத்தால், நாக்கிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருக்கிறதா, மூக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மூக்கடைத்த குழந்தையால் எந்த நிப்பிளிலும் மூச்சுவிட்டுக் குடிக்க முடியாது.

அம்மா கொடுத்தால் ஒருவிதம், மற்றவர் கொடுத்தால் ஒருவிதம்

பகலில் பாட்டி, இரவில் அப்பா, இடையே பணிப்பெண், இரண்டு மாதம் முடிந்ததும் குழந்தைப் பராமரிப்பு நிலையம். நான்கு கை, நான்கு கோணம். ஒருவரிடம் பத்து நிமிடம், இன்னொருவரிடம் முப்பது நிமிடம் என்றால் நிப்பிள் மேல் பழி போடாதீர்கள். இரண்டு நாள் ஒரே தாளில் ஒவ்வொரு வேளையும் யார் கொடுத்தார், எத்தனை மி.லி., எத்தனை நிமிடம், புரையேறியதா என்று எழுதுங்கள். விடை தாளிலேயே தெரியும். பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்பும்போது போத்தலில் பெயரோடு நிப்பிள் அளவையும் ஒட்டுங்கள். அங்கே வளையங்கள் மாறிப்போகும். பெரியவர்களிடம் 'நீங்க தப்பா பிடிக்கிறீங்க' என்று சொல்வதைவிட, 'அத்தை, இவன் விரல் விரியுதான்னு கொஞ்சம் பாருங்க' என்றால் அவர்களே போத்தலைத் தாழ்த்திவிடுவார்கள்.

தாய்ப்பாலும் போத்தலும் சேர்ந்து கொடுப்பவர்கள் மாதம் கூடினாலும் மெதுவான நிப்பிளிலேயே இருப்பது நல்லது. போத்தல் மட்டும் வேகமாக விட்டால், மார்பில் உழைக்க வேண்டியிருக்கிறதே என்று குழந்தை முகம் திருப்பும். மார்பில் வாய்வைத்த சில விநாடியிலேயே அழுது பின்வாங்கினால் போத்தலின் வேகத்தை ஒரு நிலை குறைத்துப் பாருங்கள்.

மருத்துவர் எதுக்களிப்புக்காகக் கெட்டிப்படுத்திய பால் மாவு எழுதிக்கொடுத்திருந்தால் அது சாதாரண மெது நிப்பிளில் வராது. எந்த நிப்பிள் என்று அவரிடமே கேட்டு வாங்குங்கள்; ஒய் வடிவப் பிளவு கொண்டதைச் சொல்லக்கூடும். அதே நிப்பிளில் தவறிக்கூட வெறும் பாலைக் கொடுத்துவிடாதீர்கள். கஞ்சித் தண்ணீரையோ அரிசிமாவையோ போத்தலில் கலந்து நீங்களாகக் கெட்டிப்படுத்துவது வேண்டாம்.

நிலை உயர்த்துவது எப்போது

மாதம் பிறந்ததற்காக உயர்த்த வேண்டாம். 15 முதல் 30 நிமிடத்தில் குடித்து, முதல் வாரம் தாண்டியபின் நாளுக்கு ஆறு டயப்பராவது நனைத்து, பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் எட்டி, பிறகு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் எஸ்எஸ் அளவிலேயே ஐந்து மாதம் ஓடட்டும். உயர்த்த வேண்டிய அடையாளம் தெரிந்தால், குழந்தை நன்றாக விழித்திருக்கும் பகல் வேளை ஒன்றில் மட்டும் புதியதை மாட்டுங்கள். இரவுப் பாலில் வேண்டாம், ஊட்டுபவரும் தூக்கத்தில் இருப்பார். வழிந்தாலோ விரல் விரிந்தாலோ அந்த வேளையிலேயே பழையதுக்குத் திரும்பி, இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அதே நாளில் பால் மாவையும் போத்தலையும் சேர்த்து மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது.

யாரிடம் போவது

எடை ஏறாவிட்டால், ஆக மெதுவான நிப்பிளிலும் புரையேறினால், ஒவ்வொரு வேளையும் நாற்பது நிமிடம் தாண்டினால் முதலில் பலதுறை மருந்தகம் அல்லது உங்கள் குழந்தைநல மருத்துவர். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் அரசு மருத்துவமனையில் சலுகைக் கட்டணம் கிடைக்கும். கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் தாய்ப்பால் ஆலோசகர்களும், குழந்தைகள் விழுங்கும் முறையைப் பார்க்கும் பேச்சுச் சிகிச்சையாளர்களும் இருக்கிறார்கள். போகும்போது வழக்கமாகக் கொடுக்கும் போத்தல், நிப்பிள், பால் மூன்றையும் எடுத்துப் போங்கள். குழந்தை கொஞ்சம் பசியோடு இருக்கட்டும், அவர்கள் முன் குடிக்க வேண்டியிருக்கும். வீட்டில் ஒரு வேளையை முதல் உறிஞ்சலிலிருந்து ஐந்து நிமிடம் கைபேசியில் பதிவு செய்யுங்கள். முகமும் இரண்டு கைகளும் படத்தில் தெரிய வேண்டும், தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள், விழுங்கும் சத்தம் கேட்க வேண்டும்.